வியாழக்கிழமையின் முன் இருக்கை

தேநீர் நன்றாக இருக்கிறது, திருமதி லார்வுட். நீங்கள் கோப்பையில் பாலை முதலில் ஊற்றுகிறவர் என்று ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டவனுக்குச் சாக்லேட் பிஸ்கட் வைக்கிற ஊர் உலகத்தில் நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். பாதிரியார் ஐயா, தட்டைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்.

குறிப்பெடுக்கிற பெரியவர் ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது. அவருக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் டெஸ்மண்ட் தர்ட்டில், வயது எழுபத்தொன்று. இந்தச் சங்கத்தில் கார் ஓட்டுகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். கார் அவரவருடையது. வியாழன்தோறும் காலையில் போய், சுற்றுவட்டாரத்தில் தனியாக இருக்கிற முதியவர்களை அவர்கள் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு இந்த மண்டபத்துக்கு வருவோம். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் புட்டிங். அதற்குப் பிறகு பிங்கோ, எண்ணைக் கூப்பிடக் கூப்பிட அட்டையில் அடிக்கிற ஆட்டம். மூன்று மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு அவரவர் வீடு. ஆறு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஏழாவது நாள் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

விதி ஒன்றே ஒன்றுதான். யாருமில்லாதவர்களுக்கே இடம். மகனோ மருமகளோ கூடப்பிறந்தவர்களோ சேர்ந்து இருக்க வந்துவிட்டால் மறுவாரமே பெயரை எடுத்துவிட வேண்டும், காத்திருக்கிறவர்களின் பட்டியல் அவ்வளவு நீளம். திருமதி லார்வுட் தன் கையால் எழுதி அந்தக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். நியாயமான விதி. அதை நான் மீறியதாக யாரும் சொல்ல முடியாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் நடமாடும் நூலக வண்டி ஓட்டினேன். கிராமம் கிராமமாகப் போவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார்கள். பிறகு யாரோ ஒரு அதிகாரிக்கு அந்த வண்டி வீண் என்று தோன்றிவிட்டது, நிறுத்திவிட்டார்கள். என் மனைவி மாரீன் அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பதினேழு வருடம் ஆகிறது. அக்காவும் தங்கையும் கடலோரத்தில் நாய் வளர்த்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி. எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. சகோதரிகள் என்றால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தெல்மா கேதர்கோல் என் காரில் ஏறினார். இப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு. ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவர், நானூறு பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாகக் கஸ்டர்ட் கிளறியவர். முழங்கால் மடங்காது என்பதால் முன் இருக்கை அவருக்கு. அவர் வீடுதான் எல்லாவற்றிலும் தொலைவு, அதனால் முதலில் அவரை ஏற்றுவேன். அடுத்த ஆள் ஏறும்வரை இருபது நிமிடம் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவருக்குக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரங்கள் மட்டும் தெரியும். முதல் நாளே சொன்னார்: "உங்க மூஞ்சி எனக்குத் தெரியல பையா. ஆனா காது ரெண்டும் பளிச்சுனு தெரியுது. நல்ல பெரிய காது."

எழுபதை நெருங்கியவனைப் பையா என்று கூப்பிட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு அது பிடித்திருந்தது.

"காரு ஓடுதா, இல்ல காத்து தள்ளுதா?" என்பார். "இப்ப ஒரு ஆடு நம்மள முந்திக்கிட்டுப் போச்சு."

"அந்த ஆட்டுக்கு ஏதோ அவசரம் தெல்மா. நமக்கு என்ன?"

"கஸ்டர்ட் ஆறிப்போகும்ல? ஆறின கஸ்டர்ட்ட நான் எதிரிக்குக் கூடப் போட்டதில்ல. பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தாரே, அவருக்கு மட்டும்தான் போட்டேன்."

தெல்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது சுமார். தொலைபேசியில் பேசினால் இரண்டிலும் இரைச்சல்தான், அதனால் அதை எடுப்பதையே விட்டுவிட்டார். ஆனால் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தால் நல்ல காது ஓட்டுகிறவன் பக்கம் வந்துவிடும். உலகத்திலேயே தனக்குத் தெளிவாகக் கேட்கிற இடம் என் கார்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு தங்கை, ஏவிஸ். பதினொரு மைல் தள்ளி ஸ்டால்பியில் தனியாக இருந்தார். இடுப்பெலும்பு சரியில்லை, கார் ஓட்டத் தெரியாது. பேருந்தை நிறுத்தியதிலிருந்து சகோதரிகள் பார்த்துக்கொள்ளவில்லை, கடிதம் மட்டும்தான். இரண்டு வாரத்துக்கு ஒன்று வரும். கதவுத் துவாரம் வழியாக வாசல் பாயில் விழுந்து கிடப்பதை நான் எடுத்து, காரில் அவரை உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் படித்துக் காட்டுவேன். பதிலை அவர் சொல்ல நான் எழுதுவேன். ஓட்டுநர்கள் சின்னச் சின்ன ஒத்தாசைகள் செய்யலாம் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது, நான்காம் பக்கம்.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஏவிஸ் இப்படி எழுதியிருந்தார்: 'சின்ன அறைக்கு வெளிர்ப்பச்சை அடித்தாயிற்று. உன் கட்டிலுக்கு அளவெடுத்து வைத்துவிட்டேன். நீ வந்து என்னோடேயே இருந்துவிடேன், தெல். இரண்டு கிழவிகளுக்கு இரண்டு கெட்டில் எதற்கு?'

முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் எனக்கு இருமல் வந்தது. இருமி முடித்தபோது கண் வானிலை பற்றிய பத்திக்குப் போயிருந்தது, அங்கிருந்து தொடர்ந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

"சின்ன ரூமுக்குப் பச்சையா? யாருக்காம்?" என்று கேட்டார் தெல்மா.

"இங்க ஒண்ணும் தெரியலையே."

"வாடகைக்கு ஆள் வெக்கப்போறா போல. கேட்டுப் பாக்கலாமா?"

"கேளுங்களேன். எழுதட்டுமா?"

"வேணாம் வேணாம். அவளாச் சொல்லாதத நாம தோண்டித் தோண்டிக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

கேளுங்கள் என்றுதான் நான் சொன்னேன். பதிலை அவர் இப்படிச் சொன்னார்: 'பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அறைக்கு நல்ல மனுஷியாகக் கிடைக்கட்டும்.' ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதி, நானே போய்த் தபாலில் போட்டேன். அந்தப் பக்கம் ஏவிஸ் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. அக்காவுக்கு வர மனமில்லை, மரியாதையாக மறுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். 'புரிகிறது. இனி தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று ஒரு வரி வந்தது. அந்த இடத்திலும் எனக்கு லேசாக இருமல்.

வேறு ஊராக இருந்தால் அடுத்த வாரமே ஒருத்தி கிளம்பிப் போய் இன்னொருத்தியின் கதவைத் தட்டி, ஏண்டி வரமாட்டேங்கிறே என்று சண்டை போட்டிருப்பாள். அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். நம் ஊரில் அழுகிற பிள்ளையிடம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்றல்லவா சொல்லுவோம்? ஒருமுறை கேட்பது, பதில் சரியாக வராவிட்டால் அதைப் பற்றிச் சாகும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. இந்தக் குணத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் சாலை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் போக முடியும்.

ஒரே ஒரு தடவை தெல்மா என்னிடம் வாய்விட்டுக் கேட்டார். "ஸ்டால்பி உங்களுக்கு வழியில வராது இல்ல பையா?"

"வழியில வராதுதான். ஆனா போலாம். கிளட்ச் மட்டும் கொஞ்சம்…"

"அய்யய்யோ, வேணவே வேணாம். பாவம் அந்தக் கிளட்ச்சை ஏன் படுத்தணும்?"

முடியாது என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். அவர் ஸ்டால்பிக்குப் போயிருந்தால் மறுவாரமே உங்கள் விதிப்படி பெயரை எடுத்திருப்பீர்கள். முன் இருக்கையில் வாயைத் திறந்துவைத்துத் தூங்குகிற யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்திருப்பீர்கள். புதன்கிழமை மத்தியானங்களில் நான் அந்த இருக்கையைத் தூசி தட்டுவேன். வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். தெல்மா இல்லாவிட்டால் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். அவருக்கும் கஷ்டம்தான். அங்கே போய் இரண்டு பேரும் கெட்டிலுக்காகச் சண்டை போட்டிருப்பார்கள்.

அப்புறம் போன வருடம் மார்ச் மாதம். அன்றைக்கு நல்ல வெயில். தெல்மா நீலத் தொப்பி போட்டிருந்தார், உற்சாகமாக இருந்தார். பெரிய சாலையில் தகனக் கூடத்துக்குத் திரும்புகிற இடத்துக்கு வந்தபோது எதிரே சவ ஊர்தி வந்தது. அதைப் பார்த்தால் ஓரமாக நிறுத்துவது நம் வழக்கம். இளசுகள் இப்போதெல்லாம் முந்திக்கொண்டு போகின்றன. நான் நிறுத்தினேன், தொப்பியைக் கழற்றினேன்.

"ஏன் நின்னுட்டோம்?"

"சவ ஊர்தி, தெல்மா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். "மஞ்சளா ஏதோ தெரியுதே. டாஃபடில் பூவா?"

"ஆமா."

"நல்லாருக்கு. வெள்ளைப் பூ வெச்சு அழுது வடியாம. பின்னாடி எத்தன காரு வருது?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? அடப் பாவமே." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நாமளும் பின்னாலயே போனா என்ன பையா? யாரா இருந்தா என்ன, ரெண்டு காரு ஆகும். பாக்கறதுக்கு ஒரு கௌரவமா இருக்கும்ல?"

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அதில் ஏதோ உண்மை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

"கஸ்டர்ட் ஆறிடும், தெல்மா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். செத்தவங்க கோச்சுக்க மாட்டாங்க, சமையக்காரி கோச்சுப்பா." பிறகு ஊர்தியின் பக்கம் கையைத் தூக்கி, "போய்ட்டு வாம்மா, யாரா இருந்தாலும்," என்று ஆட்டினார்.

உள்ளே இருந்தது ஏவிஸ்.

எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். ஏவிஸின் பக்கத்து வீட்டுக்காரர் திரு. பாஸ்க் தெல்மாவுக்கு எழுதிய கடிதம் அன்றைக்கு வந்திருந்தது. தெல்மாவுக்கு ரொட்டியும் பாலும் கொடுக்கப் போனபோது பாயிலிருந்து எடுத்தேன். ஏவிஸ் தூக்கத்திலேயே போய்விட்டார், வியாழன் பதினொன்றரைக்குத் தகனம் என்று எழுதியிருந்தார். யாரு எழுதியிருக்கா என்று தெல்மா கேட்டார். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்கிறவர்கள் என்றேன். "குப்பையில போடுங்க" என்றார், போட்டேன். பதினொன்றரை என்றால் பதினொன்றுக்குள் அந்தத் திருப்பத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். ஊர்தி சீக்கிரமே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கும் நேரம் பார்த்து வேலை செய்யத் தெரியவில்லை.

அன்றைக்குத் தெல்மா இரண்டு தட்டு புட்டிங் சாப்பிட்டார், பிங்கோவில் ஜெயித்தார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அடுத்த வாரம், "ஏவிஸ் எழுதலையா?" என்றார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் பாயில் ஏவிஸின் கடிதம் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் செத்த பிறகு ஏவிஸ் நன்றாகவே எழுதினார். அதுவரை இடுப்புவலியும் மழையும்தான். இப்போது பிஷப் என்று ஒரு பூனை வந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார், அதன் தலைவியோடு சண்டை போட்டார், பூனையை ஏவிவிட்டு அவள் தொப்பியைக் கிழிக்க வைத்தார். தெல்மா காரில் விழுந்து விழுந்து சிரிப்பார். "இவளுக்கு இவ்வளவு வாயா? சின்ன வயசுல வாயில ஈ போனாக் கூடச் சொல்ல மாட்டா!" பதினான்கு மாதம், முப்பது கடிதம். ஸ்டால்பிக்கு வா என்று ஒன்றில் கூட இல்லை. தெல்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய பதில்கள் எல்லாம் என் வீட்டில் தேதிவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் பதில் போட்டேன். உயிரோடு இருந்தபோது ஏவிஸ் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அந்தப் பூனையின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். பிஷப் மரத்தில் மாட்டிக்கொண்ட வாரம், எப்படி இறக்கினார்களாம் என்று ஆவலாகக் கேட்டது நீங்கள்தான், திருமதி லார்வுட்.

இந்த வருடம் மே மாதம் திரு. பாஸ்க் நம் பட்டியலில் சேர்ந்தார். வேறொருவர் காரில் வந்தார், தெல்மாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ஸ்டால்பில ஒரு தங்கச்சி இருக்கா, ஏவிஸ்னு. அவ பூனை பண்ற அட்டகாசம் இருக்கே…" என்று தெல்மா ஆரம்பித்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். அவர்தான் அந்த ஒற்றைக் காரில் போனவர். டாஃபடில் பூவும் அவர் தோட்டத்துப் பூதான்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "பூனைக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"பிஷப்."

"நல்ல பேருங்க," என்றார். கரண்டியை எடுத்துப் புட்டிங்கைச் சாப்பிட்டு முடித்தார்.

கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது, நாம் ஏன் மனதைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மூன்று வாரம் கழித்துத்தான் திருமதி லார்வுட்டிடம் சொன்னார். திருமதி லார்வுட் அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தூக்கமில்லாமல் இருந்தார். ஆக ஐந்து வாரம் நீங்களும் சொல்லவில்லை. நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டம் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

தெல்மாவுக்குச் சேர வேண்டியது வேறு ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று பாதிரியார் கேட்டார். இருக்கிறது. ஒரு கடிதம். காரின் முன்பெட்டியில், வரைபடத்துக்கு அடியில் இருக்கிறது. ஏவிஸ் தன் கையால் எழுதிய கடைசிக் கடிதம், பிப்ரவரி மாதத்தது. மனப்பாடமாகவே சொல்லிவிடுவேன். 'தெல், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள். அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. வியாழக்கிழமைதான் உனக்குக் கார் கிடைக்கிற நாள் என்றாயே, அதனால் வியாழனன்று மட்டும் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறேன்.'

இதில் ஒரு வரியைக்கூட நான் படித்துக் காட்டவில்லை. அன்றைக்கு இருமவும் இல்லை. கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். படித்திருந்தால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? மனிதர்கள் வருத்தப்படுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதற்காகத்தானே இந்தச் சங்கத்திலேயே சேர்ந்தேன்.

இதோ அடையாள அட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். காரின் கண்ணாடியில் ஒட்டியதை நாளைக்கு உரித்துக் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் போய்த் தெல்மாவிடம் சொல்லப்போகிறீர்கள் என்றால், மணியை அடிக்காதீர்கள், கேட்காது. ஜன்னலில் மோதிரத்தால் தட்டுங்கள். வலது பக்கமாக உட்காருங்கள். பாதிரியார் ஐயா, உங்கள் குரல் கீழ் ஸ்தாயி, நீங்கள் பேச வேண்டாம்.

ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் உங்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. வியாழக்கிழமை பத்தரைக்கு அவர் தொப்பி போட்டுக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். நானே போய் முன் இருக்கையில் உட்கார வைத்து, இந்தத் தடவை இருமாமல் முழுசாகப் படித்துக் காட்டுகிறேன். வேறு யார் படிப்பார்கள், சொல்லுங்கள். கண் தெரியாது, போனில் பேசினால் கேட்காது, கூடப்பிறந்த ஒருத்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவம், என்னை விட்டால் தெல்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?